தங்கநிற நாய்க்கு ஏற்ற வீடு

விலங்குக் காப்பகத்தில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் தத்தெடுப்புக்குக் காத்திருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கேட்டு வருவோர் பலர். பொன்னிற முடி, கனிவான பார்வை, குழந்தைகளோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும் குணம் என அதை விரும்பக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் காப்பகம், கேட்டவர் கையில் உடனே நாயைக் கொடுத்துவிடாது. கடையில் பணம் செலுத்தினால் நாய்க்குட்டி கிடைத்துவிடும். காப்பகமோ கேள்வி மேல் கேள்வி கேட்கும். வீட்டிற்கு வந்து பார்க்கும். சில வேளைகளில் மறுத்தும்விடும். நாயை இலவசமாக வளர்க்க முன்வருபவரிடம் ஏன் இத்தனை கண்டிப்பு என்று சிலர் மனம் வருந்துவதுண்டு. அந்த நாயைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

கோல்டன் ரெட்ரீவர் இனம் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் உருவானது. அங்குள்ள தம் பண்ணையில், பிற்காலத்தில் டுவீட்மவுத் பிரபு என்று அழைக்கப்பட்ட செல்வந்தர் ஒருவர், மஞ்சள் நிற ரெட்ரீவர் நாயையும் நீரில் நன்கு நீந்தும் ஸ்பானியல் வகை நாயையும் இணைசேர்த்தார். 1868ஆம் ஆண்டு மஞ்சள் நிறக் குட்டிகள் பிறந்தன. வேட்டையில் சுடப்பட்டு ஏரியிலோ புதரிலோ விழும் பறவைகளைச் சிதைக்காமல் வாயில் கவ்விக்கொண்டு வருவதே இந்த நாய்களின் வேலை. அதனால்தான் இன்றும் இவை காலணி, பந்து, துண்டு என்று கண்ணில் படுவதையெல்லாம் வாயில் தூக்கிக்கொண்டு திரிகின்றன. நாள் முழுவதும் ஓடியாட வல்ல உடல், குளிர்ந்த நீரிலிருந்து காக்கும் இரண்டு அடுக்கு முடி, மனிதனைவிட்டுப் பிரியாத மனம் ஆகிய மூன்றும் இவற்றோடு பிறந்தவை.

ஸ்காட்லாந்தில் நன்மையாக இருந்தவை சிங்கப்பூரில் சுமையாகிவிடலாம். நாய்க்கு மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. முக்கியமாக, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. நண்பகலில் நம் நடைபாதைகள் அதன் பாதத்தைச் சுட்டுவிடும். ஆகவே பொழுது புலருமுன் ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின் ஒருமுறை என நாள்தோறும் நடக்க அழைத்துச் செல்ல வேண்டும். தேர்வு வாரம், மழை, களைப்பு என்று நாயிடம் காரணம் சொல்ல முடியாது. வெயிலுக்கு இதமாக இருக்குமே என்று முடியை ஒட்டச் சிரைப்பதும் தவறு. அந்த முடி தோலை வெயிலிலிருந்து காக்கிறது. தினமும் வாரிவிட்டாலும் வீடெங்கும் முடி உதிரும். அதைப் பெருக்கப்போவது யார் என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது!

இவ்வளவு விரும்பப்படும் நாய் எப்படிக் காப்பகத்திற்கு வருகிறது? கைக்குள் அடங்கும் குட்டி ஓராண்டில் 25 முதல் 34 கிலோகிராம் வரை எடையுள்ள பெரிய நாயாகிவிடுகிறது. அப்போது ஆசை குறைந்துவிடுகிறது. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் ஒரு காலத்தில் கோல்டன் ரெட்ரீவர் வளர்ப்பது பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. பின்னர் பல நாய்கள் தெருக்களிலும் நகரை ஒட்டிய காடுகளிலும் கைவிடப்பட்டன. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த மீட்புக் குழு ஒன்று, அத்தகைய நாய்களை விமானத்தில் அழைத்துச் சென்று புதிய குடும்பங்களிடம் ஒப்படைத்தது.

குட்டிகளை விற்பதற்காகவே பண்ணைகளில் வளர்க்கப்பட்டு, குட்டி ஈனும் வயதைக் கடந்தபின் மீட்புக் குழுக்களிடம் வந்து சேரும் பெண் நாய்களும் உண்டு. அவற்றின் நிலை இன்னும் இரக்கத்திற்குரியது. பல ஆண்டுகள் கூண்டிலேயே கழித்த நாய்க்கு மாடிப்படி ஏறத் தெரியாது. மின்விசிறி சுழன்றால் பயம். வழுக்கும் தரையில் நடக்கவும் தயக்கம். எங்கே சிறுநீர் கழிப்பது என்பதைக்கூட ஐந்தாறு வயதில் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை கைவிடப்பட்ட நாயை ஒரு குடும்பம் அழைத்துச் சென்று, சில மாதங்களில் திருப்பிக் கொண்டுவந்தால், அதற்கு அடுத்த குடும்பத்தை நம்புவது மேலும் கடினமாகிவிடும். காப்பகம் அஞ்சுவது இதற்குத்தான். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் சென்றால் நாயை யார் பார்ப்பார்கள், வீட்டில் உள்ள பாட்டிக்கு விருப்பமா, யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்றெல்லாம் தொண்டூழியர்கள் கேட்பார்கள். வீட்டுப் பணிப்பெண் இருந்தால் அவரிடமும் பேசுவது நல்லது. பெரிய நாயை நடக்க அழைத்துச் செல்லும் வேலை கடைசியில் அவர் தலையில்தான் விழும் என்பது பலர் அறிந்த உண்மை. மருத்துவச் செலவும் கேள்விக்கு வரும். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறும் புற்றுநோயும் அதிகம். மடங்கிய காதுகளில் ஈரம் தங்கிப் புண் ஏற்படுவதும் உண்டு. இதன் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 12 ஆண்டுகள். உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவர் இன்று ஒரு குட்டியைத் தத்தெடுத்தால், அவர் வேலைக்குச் சென்ற பிறகும் அதைப் பராமரிக்க வேண்டியிருக்கும். முகத்தில் நரை விழுந்த நாயைத் தேர்ந்தெடுக்கப் பலர் தயங்குகிறார்கள். ஆனால் அமைதியான வீட்டிற்கு அதுவே குட்டியைவிடப் பொருத்தமானது. அதன் குணம் முழுமையாக வெளிப்பட்டுவிட்டது. வளர்ந்தபின் எப்படி இருக்குமோ என்ற ஐயத்திற்கு இடமில்லை.

சிங்கப்பூரில் இன்னொரு தடையும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில், அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களைச் சேர்ந்த ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். அந்தப் பட்டியலில் கோல்டன் ரெட்ரீவர் இல்லை. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் கழக வீடுகளில் வாழ்வதால், இந்த நாய்க்குக் கதவு திறக்கக்கூடிய வீடுகள் மிகக் குறைவு. தனியார் வீடுகளில் வசிப்போரும் தங்கள் குடியிருப்பின் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

தத்தெடுப்பு முடிவானதும் நாய்க்கு நுண்சில்லு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, புதிய உரிமையாளர் பெயரில் உரிமம் பெற வேண்டும். வீட்டிற்கு வந்த நாய் பழகுவதற்குக் காப்பக ஊழியர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: அச்சம் தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை புரிய மூன்று வாரம், இது தன் வீடு என்று உணர மூன்று மாதம். எல்லா நாய்களுக்கும் இது பொருந்தாது என்றாலும், முதல் நாளே உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்து நாயைக் காட்டத் துடிப்பவர்களுக்கு இது பயன்படும். மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் நாயை இழுக்காமல், உணவையும் தண்ணீரையும் அருகில் வைத்துவிட்டு விலகி இருந்தால் அது தானே வெளியே வரும். நிலைமை மாறி, நாயை வைத்துக்கொள்ள இயலாமல் போனால், காப்பகத்திற்கே தெரிவிக்க வேண்டும். விலங்கைக் கைவிடுவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கழக வீட்டில் வசிக்கும் மாணவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘அடோர்’ திட்டத்தின்கீழ், மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களைக் கழக வீடுகளிலும் தத்தெடுக்கலாம். நாய் 55 சென்டிமீட்டர் உயரத்திற்குள் இருக்க வேண்டும். உரிமையாளர் அதற்கு அடிப்படைப் பயிற்சி அளிக்க வேண்டும். இந்த நாய்களுக்குப் பொன்னிற முடி இராது. ஆனால் நம் வெயிலுக்கு ஏற்ற குட்டை முடி உண்டு. அதிலும் கறுப்பு நாய்களே நெடுநாள் காத்திருப்பவை என்று காப்பகத் தொண்டூழியர்கள் பலர் சொல்வார்கள். தத்தெடுக்க வீட்டில் சம்மதம் கிடைக்காதவர்கள், வார இறுதியில் காப்பக நாய்களை நடக்க அழைத்துச் செல்லவும் கூண்டுகளைக் கழுவவும் தொண்டூழியர்களாகச் சேரலாம். காப்பகத்திற்குக் காப்பகம் வயது வரம்பு மாறுபடும் என்பதால், பெற்றோரோடு சென்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.