வெயிலை ஏற்றிக்கொண்டு ஆவடி வரை!

சித்திரை மாசத்து மத்தியானம். திருநின்றவூர் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஆட்டோவின் கூரையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம், தொடாதீர்கள். தோசைக்கல் தோற்றுப் போகும்!

வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், உச்சிவேளையில் சூரியன் சென்னை வட்டாரத்தின் நடு மண்டைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த நிமிஷம் கொடிக்கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. மற்ற நாளிலும் பெரிய கருணை ஒன்றும் கிடையாது என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

இவ்வளவு வெயிலும் சும்மா தகரத்தைச் சுட வைத்துவிட்டுப் போகிறதே, அதே கூரையில் ஒரு ஸோலார் பேனலை மாட்டினால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகிவிடாதா? சார்ஜ் போடக் காத்துக் கிடக்க வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம், சூரிய பகவான் புண்ணியத்தில் வண்டி ஓடிக்கொண்டே இருக்குமே? எலெக்ட்ரிக் ஆட்டோ ரோட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஆசையும் கூடவே வந்துவிட்டது.

ஆசைப்படுவதற்குத் திருநின்றவூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கையில் காலணா இல்லாமல் மனசுக்குள்ளேயே கல் வாங்கி, தச்சரை அழைத்து, நாள் பார்த்து, கோபுரம் வரைக்கும் ஒரு கோயிலைக் கட்டி முடித்த பூசலார் நாயனாரின் ஊர் இது. காஞ்சிபுரத்தில் நிஜமாகவே கல்லால் கட்டிய பல்லவ ராஜாவின் கனவில் ஈசன் வந்து, "அன்றைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வை" என்று சொன்னதாகப் பெரிய புராணம் சொல்கிறது. ஆகவே நாமும் ஒரு பைசா செலவு செய்யாமல் முதலில் மனசுக்குள் ஒரு ஸோலார் ஆட்டோ கட்டிப் பார்ப்போம். கட்டி முடித்தபின் கடைக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

ஒரு பேச்சுக்கு, ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவரும், அவருக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"தம்பி, மேல பேனலு மாட்டிட்டா அப்புறம் ப்ளக்கே சொருக வேணாம், இல்ல?"

"எவ்ளோ பெரிய பேனல்ண்ணே?"

"கூரை ஃபுல்லா!"

"ஃபுல்லா போட்டாலும் ஒரு முந்நூறு வாட்டுதாண்ணே புடிக்கும்."

தம்பி சொல்வது சரி. நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1,000 வாட் சக்தி வந்து விழுகிறது. பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக மாற்றும். ஆட்டோ கூரையில் தாராளமாகப் பார்த்தாலும் ஒன்றரை, இரண்டு சதுர மீட்டர். ஆக, 300 வாட்.

நம்ம ஊர் வெயில் காலை முதல் மாலை வரை ஏறி இறங்குவதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முழு உச்சி வெயிலாக நாளுக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கிறது எனலாம். 300-ஐ ஐந்தால் பெருக்கினால் ஒன்றரை யூனிட். அதில் தூசி தின்பது கொஞ்சம், சூடு தின்பது கொஞ்சம், வயரும் கன்ட்ரோலரும் தின்பது கொஞ்சம். கடைசியில் பேட்டரிக்குப் போய்ச் சேருவது 1.1 யூனிட் இருந்தால் பெரிய விஷயம்.

மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் எலெக்ட்ரிக் ஆட்டோ ஒரு கிலோமீட்டருக்கு 70 வாட்-மணி அளவுக்குச் சாப்பிடும். 1,100-ஐ 70-ஆல் வகுத்துப் பாருங்கள். பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்.

அதாவது திருநின்றவூரிலிருந்து ஆவடிக்கு ஒரு நடை. அங்கிருந்து திரும்ப ஒரு நடை. அவ்வளவுதான், சூரிய பகவான் "போய்ட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார்!

ஸ்டாண்டு ஆட்டோ ஒன்று நாளுக்கு எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பேனல் அதில் ஆறில் ஒரு பங்கைத் தரும். மிச்சத்துக்கு ப்ளக் சொருகித்தான் ஆக வேண்டும்.

இப்போது துட்டுக் கணக்கு. பேனல், கன்ட்ரோலர், இரும்பு ஸ்டாண்டு, வயரிங், கூலி எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால், நாளுக்கு மிச்சமாவது ஒன்பது ரூபாய்க்குள். ஒரு டீக்குக்கூட இழுபறி. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 2,700 ரூபாய். போட்ட முதல் திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அதையும் வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தால் கணக்கு முடியவே முடியாது.

அப்படியானால் பேனல் வேஸ்ட்டா? அவசரப்படாதீர்கள். கணக்கை வேறு பக்கத்திலிருந்தும் போட்டுப் பார்க்கலாம்.

சாயந்தரம் நாலு மணிக்கு பேட்டரி படுத்துவிடுகிறது. ஆபீஸ் விட்டு ரயில் ரயிலாக ஜனம் வந்து இறங்கும் நேரத்தில் வண்டி வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்டவருக்கு அந்தப் பதினாறு கிலோமீட்டர் என்பது ஒன்பது ரூபாய்க் கரண்ட் அல்ல. நல்ல நேரத்தில் கிடைக்கும் ஒரு ஆவடி சவாரி. அதன் மதிப்பு அவருக்குத்தான் தெரியும். கரண்டை மிச்சம் பிடிக்கப் பேனல் வாங்கினால் நஷ்டம். நின்றுபோகும் சவாரியைப் பிடிக்க வாங்கினால் கதை வேறு.

இன்னொரு லாபமும் உண்டு, வெளியே தெரியாது. ஈயப் பேட்டரி போட்ட வண்டிகளில், பேட்டரியை அடிமட்டம் வரை காலி பண்ணுவதுதான் அதன் ஆயுளைக் குடிக்கிறது. பகலெல்லாம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் அவ்வளவு கீழே இறங்காது. பேட்டரி செட் மாற்றும் செலவைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். அந்தச் செலவுதான் ஆட்டோக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும் செலவு.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. மத்தியானம் சவாரி இல்லாத நேரத்தில் நம்ம அண்ணன் வண்டியை எங்கே நிறுத்துவார்? வேப்பமரத்து நிழலில்! பின் ஸீட்டில் காலை நீட்டி ஒரு குட்டித் தூக்கம். பேனலுக்கோ அந்த நேரம்தான் பந்தி. நிழலில் நிறுத்தினால் பேட்டரி பட்டினி. வெயிலில் நிறுத்தினால் அண்ணன் வடாம். இந்தச் சிக்கலுக்கு எந்த இன்ஜினீயரும் இன்னும் வழி சொல்லவில்லை.

முழு நிழல்கூட வேண்டாம். பேனலுக்குள் இருக்கும் சில்லுகள் சங்கிலி மாதிரி ஒன்றோடு ஒன்று கோர்த்திருக்கின்றன. ஒரு மூலையில் கிளை நிழலோ, காக்கா போட்ட வெள்ளையோ விழுந்தால் அந்த வரிசை முழுக்க முடங்கிப் போகும்.

சரி, யாராவது நிஜமாகவே இப்படி ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா? ஓ, பேஷாக!

இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் இன்ஜினீயராக இருந்த நவீன் ரபேலி என்பவர் ஒரு பழைய ஆட்டோவை வாங்கி, டீசல் இன்ஜினைக் கழற்றிப் போட்டு, பேட்டரி வைத்து, கூரையில் ஸோலார் பேனல் மாட்டினார். 'தேஜஸ்' என்று பெயரும் வைத்தார். 2016 பிப்ரவரியில் பெங்களூரில் கிளம்பி, பம்பாயிலிருந்து கப்பலில் ஈரானுக்கு வண்டியை ஏற்றி, துருக்கி, ஐரோப்பா என்று பத்தாயிரம் கிலோமீட்டர் போய், செப்டம்பரில் இங்கிலாந்தில் இறங்கினார். வழியில் பாரிஸில் பாஸ்போர்ட்டும் பர்ஸும் களவு போனது தனிக் கதை. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் ஏழு மாசத்துக்கு வகுத்துப் பார்த்தால் நாளுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள். ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன் அதைப்போல இரண்டு மடங்கு ஓட்டியாக வேண்டும். அதுவும் தினம் தினம்.

ஆஸ்திரேலியாவில் 1987-ல் முதல் ஸோலார் கார் பந்தயம் நடந்தது. டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டர். ஜெயித்த 'சன்ரேஸர்' கார் மணிக்கு சராசரி 67 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. பார்ப்பதற்குக் கரப்பான் பூச்சி மாதிரி தட்டையாக இருக்கும். உள்ளே ஒரே ஒரு ஆள், படுத்துக்கொண்டு. மாமியாரையும் மூட்டை அரிசியையும் ஏற்ற முடியாது. புனே கம்பெனி ஒன்று 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்திய 'ஈவா' என்ற குட்டிக் காரிலும் ஸோலார் கூரை உண்டு. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் வரை வெயிலே தரும் என்பது அந்தக் கம்பெனியின் கணக்கு. நாளுக்கு எட்டு கிலோமீட்டர். நம்ம டீக்கடைக் கணக்குக்கும் இதுக்கும் ரொம்ப தூரமில்லை, பார்த்தீர்களா?

இடம் நிறைய, வேகம் கம்மி. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஸோலாருக்குக் கொண்டாட்டம். நம்ம பெரியார் 1924-ல் போய்ப் போராடிய அதே வைக்கத்தில், 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' என்ற படகு ஓடுகிறது. 75 பேர் உட்காரலாம். அகலக் கூரை பூராவும் பேனல், மொத்தம் 20 கிலோவாட். காயலில் நிதானமாகப் போகிற படகுக்குப் பெரிய பசி கிடையாது. மரமும் இல்லை, பாலமும் இல்லை, காலை முதல் சாயந்தரம் வரை கூரையில் வெயில். இதைத்தான் பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் என்பது.

ரயிலுக்கும் செய்து பார்த்தார்கள். அதில் நம்ம பெரம்பூர் ஐ.ஸி.எஃப்.புக்குப் பங்கு உண்டு. அங்கே தயாரான டீசல் ரயில் பெட்டிகளின் கூரையில் பேனல் பொருத்தி, 2017 ஜூலை 14 அன்று டில்லி சப்தர்ஜங் ஸ்டேஷனில் கொடியசைத்தார் அப்போதைய ரயில்வே மந்திரி சுரேஷ் பிரபு. பெட்டிக்கு 16 பேனல், ஒவ்வொன்றும் 300 வாட். ஆறு பெட்டிக்கு 54 லட்ச ரூபாய். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பேனல் ரயிலை இழுக்கவில்லை! இழுப்பது டீசல் இன்ஜின்தான். பேனலின் வேலை பேட்டரியை நிரப்பி விளக்கு, ஃபேன்களை ஓட்டுவது. அதிலேயே ஒரு ரயிலுக்கு வருஷம் 21,000 லிட்டர் டீசல், 12 லட்ச ரூபாய் மிச்சம் என்று ரயில்வே கணக்குச் சொன்னது. நாலரை வருஷத்தில் முதல் திரும்பிவிடும்.

திருநின்றவூர் வழியாகப் போகிற நம்ம லோக்கல் ரயில் மேலே கம்பியிலிருந்து 25,000 வோல்ட்டை உறிஞ்சிக்கொள்வதால் அதற்கு இந்தக் கவலை கிடையாது.

ரயில் சொல்லும் சூட்சுமத்தை ரோட்டுக்குக் கொண்டு வருவோம். வண்டியை ஓட்டுவதற்குப் பேனல் போதாது; வண்டிக்குள் இருப்பதை ஓட்டுவதற்கு தாராளமாகப் போதும்.

ஸி.டி.எச். ரோட்டோரம் சாயந்தரம் வந்து நிற்கும் டிபன் வேனைப் பாருங்கள். பத்து வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, முப்பது வாட் ஃபேன் ஒன்று. ஐந்து மணி நேரம் எரிந்தால் மொத்தம் 300 வாட்-மணி. பணம் வந்தால் கத்துகிற அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு ஒரு துளி சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு 100 வாட் பேனல் ஒன்று, 60 ஆம்பியர் பேட்டரி ஒன்று போதும். பக்கத்துக் கடையில் கெஞ்சி வயர் இழுக்க வேண்டாம். ஜெனரேட்டர் சத்தத்தில், "ரெண்டு இட்லியா, ரெண்டு இட்லி வடையா?" என்று கத்த வேண்டாம். என்னைக் கேட்டால் வண்டிக்கூரை ஸோலாருக்கு முதல் உரிமை இந்த வேன்காரருக்குத்தான்.

சொந்த வீடு இருக்கும் ஆட்டோக்காரர் பேனலை வண்டியில் மாட்டாமல் மொட்டை மாடியில் மாட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம். இடம் உண்டு, குலுக்கல் இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் அறிவித்தார்கள். பகலில் வண்டி வெளியே போய்விட்டாலும் கரண்டை மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு ராத்திரி திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாடகை போர்ஷனில் இருப்பவர் என்ன செய்வார்? மாடியில் கொடி கட்டித் துணி காயப்போடவே ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் மனுப் போட வேண்டியிருக்கிறது. வண்டிக்கூரைதான் அவருக்குச் சொந்தமாக இருக்கும் ஒரே கூரை. இந்த ஆசை சும்மா வந்ததல்ல.

அப்படி மாட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தை. பேனலிலிருந்து வயரை நேரே பேட்டரியில் முறுக்கி விடாதீர்கள். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். 48 வோல்ட் பேட்டரிக்கு 36 வோல்ட் பேனலைக் கொடுத்தால் ஒரு சொட்டும் ஏறாது. வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் கன்ட்ரோலர் கேட்டு வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு ஈயப் பேட்டரி கன்ட்ரோலரைப் போடுவது நெருப்போடு விளையாட்டு. பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று புகுந்து சூடு தணியும். சூடு ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.4 பங்கு கரண்ட் குறையும். நம்ம ஊரில் பேனல் 60 டிகிரியைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

சாய்த்து வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். லண்டன் என்றால் சரி. பதின்மூன்று டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்குப் படுக்க வைத்தாலே போதும், நஷ்டம் சொற்பம்.

கண்ணாடிப் பேனல் இருபது கிலோ கனம். போல்ட் தளர்ந்தால் வேகத்தில் காற்று அதைப் பட்டம் மாதிரி கிளப்பிவிடும். பின்னால் பைக்கில் வருகிறவரின் கழுத்தை நினைத்துக்கொண்டு முடுக்குங்கள். வண்டியில் பெரிய மாறுதல் செய்தால் ஆர்.டி.ஓ. சம்மதம் வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கேட்காமல் மாட்டிவிட்டு, ஏதாவது ஆனபின் இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசிப் புரியவைக்க நேரம் ரொம்ப ஆகும்.

துடைப்பது காலையில், வெயில் ஏறும் முன்னே. மத்தியானம் கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். ஈரத்துணியும் அரை பாட்டில் தண்ணீரும் போதும். காக்காய்க்கு மட்டும் தினம் இரண்டு தடவை!