கணிதப் பட்டப்படிப்பும் அதன் முன்படிகளும்

கல்லூரி வாசலை மாணவனாக மிதிக்காதவன் நான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1978இல் டெல்லிக்கு வந்து, அரிசிக் கடையில் கணக்கெழுதி, பின்னர் சொந்தமாகக் கடை வைத்தவன். இரவில் கடை சாத்தியபின் புத்தகம் புரட்டுவது மட்டும் விடாத பழக்கம். அப்படிப்பட்டவன் பல்கலைக்கழகக் கணிதப் படிப்பைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதவேண்டிய கட்டாயம் என் வீட்டிலேயே வந்தது.

என் தம்பி மகன் பத்தாவது முடித்ததும், "பெரியப்பா, கணக்கு வேண்டாம், காமர்ஸ் மட்டும் போதும்" என்றான். "வேண்டாம்னா விடுப்பா" என்றேன். 2023இல் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்க ஆசைப்பட்டான். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கட்டாயம். கதவு மூடிவிட்டது. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. விசாரிக்காமல் தலையாட்டிய பெரியவன் நான்.

ஆகவே முதற்செய்தி இது: கல்லூரிக்கான முன்தகுதி பத்தாவது முடிகிற நாளிலேயே தொடங்கிவிடுகிறது. சி.பி.எஸ்.இ.யில் 2020 பொதுத்தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதம் ஸ்டாண்டர்டு, பேசிக் என இரு நிலைகளாயிற்று. மேலே கணிதம் தொடர எண்ணுவோருக்கு உரியது ஸ்டாண்டர்டு. பேசிக் எடுத்தவர்க்கான விதி இடையிடையே தளர்த்தப்பட்டிருக்கிறது. எனவே அந்தந்த ஆண்டின் விதியைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகச் சேர்க்கை சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது. கணித ஆனர்சுக்கு ஒரு மொழித்தாளோடு கணிதத்தாளும் எழுதியாகவேண்டும்.

இனி இரண்டாவது செய்தி. என் மகள் வயிற்றுப் பேத்தி அந்தக் கணித ஆனர்ஸிலேயே சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து வந்து, "தாத்தா, ஸ்கூல்ல தொண்ணூத்தஞ்சு வாங்கினேன், இங்க ஒண்ணுமே புரியலை" என்று அழுதாள். பாடத்திட்டத்தை வாங்கிக் கல்லாப்பெட்டி மேல் விரித்து வைத்துப் பார்த்தேன்.

2022இல் வந்த திட்டப்படி முதல் மூன்று ஆண்டில் ஆறு செமஸ்டர். செமஸ்டருக்கு மூன்று என்று பதினெட்டு முதன்மைத் தாள்கள். தனித்தனியாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். எது எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால் மூன்று சங்கிலிகளும் மூன்று உதிரிகளும்தான்.

முதற்சங்கிலி பகுப்பாய்வு. முதல் செமஸ்டரில் ரியல் அனாலிசிஸ், இரண்டில் கால்குலஸ், மூன்றில் ரீமன் தொகையிடல், நான்கில் சார்புகளின் தொடர்கள், ஐந்தில் மெட்ரிக் வெளிகள், ஆறில் கலப்பெண் பகுப்பாய்வு. இரண்டாவது இயற்கணிதம். அல்ஜீப்ரா, லீனியர் அல்ஜீப்ரா, குலக் கோட்பாடு, வளையக் கோட்பாடு, கடைசியில் குலமும் லீனியர் அல்ஜீப்ராவும் மேல்நிலையில் மறுபடி. மூன்றாவது சமன்பாடுகள். சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு, பலமாறி நுண்கணிதம், இரண்டின்மேலும் நிற்கும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. நிகழ்தகவும் புள்ளியியலும், டிஸ்கிரீட் கணிதம், நியூமெரிக்கல் அனாலிசிஸ் ஆகியவை உதிரிகள்.

இதில் ஒரு விசித்திரம் கவனியுங்கள். பள்ளியில் கால்குலஸ் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் இங்கே ரியல் அனாலிசிஸ் முன்னே, கால்குலஸ் பின்னே. ஏன்? பள்ளியில் சூத்திரத்தைப் போட்டு விடை கண்டால் போதும். இங்கே அந்தச் சூத்திரம் ஏன் உண்மை என்று நிறுவவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் வரிசை பூச்சியத்தை நெருங்குகிறது. "ஆமாம், பார்த்தாலே தெரியுதே" என்பது பள்ளிப் பதில். கல்லூரிப் பதில் வேறு. நீங்கள் எவ்வளவு சிறிய அளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதைவிடச் சிறியதாக எந்த உறுப்பு முதல் எல்லாமே இருக்கும் என்று நான் காட்டவேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்றால், 1001ஆம் உறுப்பு முதல் எல்லாம் அதைவிடச் சிறியவை. கோடியில் ஒன்று என்றாலும் அப்படியே ஓர் இடம் சொல்லமுடியும். வாடிக்கையாளர் எந்த எடைக்கல்லை வைத்தாலும் தராசு நேரே நிற்கவேண்டும் என்கிற மாதிரிதான்! இந்த ஒரு கருத்து பிடிபடாவிட்டால் அந்தச் சங்கிலியின் மற்ற ஐந்து தாள்களும் பிடிபடா.

இயற்கணிதத்திலும் இதே கதை. ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி நேரம் கழித்தால் கடிகாரம் இரண்டு காட்டும். பன்னிரண்டால் வகுத்து மீதி பார்க்கும் இந்தக் கணக்கு முதல் செமஸ்டரிலேயே வருகிறது. மூன்றாம் செமஸ்டரில் குலம் என்ற சொல் வரும்போது, அதற்கு முதல் உதாரணமாக நிற்பது இதே கடிகாரம்தான். முன்னதை மனப்பாடம் செய்து கடந்தவர்க்குப் பின்னது புதுப் பாஷையாகிவிடும்.

ஒரு தாளில் அரியர் வைத்துக்கொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போக விதியில் இடமுண்டு. விதி தடுக்காது, பாடம் தடுக்கும். இதுதான் எழுதப்படாத முன்தகுதி.

நம் முன்னோர்க்கு இது தெரியாததல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், மகாவீராசாரியர் என்ற சமணக் கணிதர் 'கணிதசார சங்கிரகம்' செய்தார். (தீர்த்தங்கரர் மகாவீரர் வேறு, இவர் வேறு.) சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தார். அந்நூலில் முதல் அதிகாரம் கலைச்சொற்கள், அப்புறம் அடிப்படைச் செயல்கள், அப்புறம் பின்னங்கள், பல கணக்குகள் கடந்து பரப்பளவு, குழி வெட்டும் கணக்கு, இறுதியில் நிழற்கணக்கு. சொல் தெரியாமல் செயல் இல்லை, செயல் தெரியாமல் பின்னம் இல்லை என்று அவர் வைத்த வரிசையே முன்தகுதி!

பேத்தியிடம் இதைச் சொல்லி, "அடுத்த பாடத்தை விடும்மா, முதல் பாடத்துக்குப் போ" என்றேன். வாரம் ஒரு நிரூபணம், புத்தகத்தை மூடிவைத்து எனக்குச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குப் பாதி புரியாது, "ஏன்?" என்று மட்டும் கேட்பேன். பதில் தடுமாறும் இடம்தான் அவள் மறுபடி படிக்கவேண்டிய இடம். முதல் செமஸ்டரில் சுமாராகத் தேறினாள். இப்போது மூன்றாவதில், அழாமல் படிக்கிறாள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளும் வசதி குறைவு. ஆகவே பெற்றோர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். பத்தாவது முடியுமுன், பிள்ளை விரும்பக்கூடிய படிப்புகளின் தகுதிவிதியை நீங்களே படித்துப் பாருங்கள். பயத்தினால் மட்டும் கணிதத்தை விடவிடாதீர்கள். கல்லூரியில் சேர்ந்தபின் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில் புரியாமல் போயிற்று என்று கேளுங்கள்.

என் தம்பி மகன் இப்போது வேறு படிப்பில் நன்றாகவே இருக்கிறான். ஆனாலும் அன்று நான் சொன்ன அந்த "விடுப்பா" இன்னும் என் காதில் ஒலிக்கிறது. உங்கள் வீட்டில் அது ஒலிக்கவேண்டாம்.