மங்கிய ஒளியில் இரண்டு காமிராக்கள்

நம் அன்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். அடுத்த மாதம் அவருடைய மகளுக்கு நாட்டிய அரங்கேற்றம். ஊரிலிருக்கும் தாயார் முதுமையினால் பயணம் செய்ய இயலாதவர். கண் பார்வையும் மங்கி வருகிறது. பேத்தியின் ஆட்டத்தை அந்த அம்மையார் படத்தில்தான் காண வேண்டும். மேடையில் ஃப்ளாஷ் கூடாதென்று நாட்டிய ஆசிரியை தடுத்துவிட்டாராம். "என்னிடம் இருப்பது பழைய கானன் 5டி. அதற்கு அடுத்த தலைமுறையான மார்க் 2 ஒன்று செகண்ட் ஹாண்டில் வருகிறது. வாங்கிவிடலாமா?" என்று கேட்டார்.

முன்னது 2005-இலும் பின்னது 2008-இலும் வெளிவந்தவை. இரண்டிலும் சென்சாரின் அளவு ஒன்றே. பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவு. ஆனால் முன்னதில் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் பிக்ஸல்கள். பின்னதில் 2 கோடியே 11 லட்சம். ஒரே வயலில் பாத்திகளை அதிகமாக்கினால் ஒவ்வொரு பாத்திக்கும் பாயும் நீர் குறையுமல்லவா? அப்படியானால் புதியதில்தான் புள்ளிகள் மிகுதியாகத் தோன்ற வேண்டும் என்று எவரும் எண்ணுவர்.

இருட்டுப் படங்களில் மணல் தூவியது போல் தெரியும் இப்புள்ளிகளையே 'இரைச்சல்' என்கிறார்கள். தூறலில் முற்றத்தில் இரண்டு கிண்ணங்களை வைத்தால், இரண்டிலும் சமமான துளிகள் விழுவதில்லை. ஒளியும் துகள் துகளாகவே விழுகிறது. சராசரி 100 துகள்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10. 10,000 விழும் இடத்தில் 100, அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். இத்துடன் காமிராவின் மின்சுற்று செய்யும் குழப்பமும் சேர்கிறது. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவதால் ஒளி கூடுவதில்லை. உள்ளதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

இரண்டு காமிராக்களையும் வரவழைத்தோம். கூடத்தில் ஒற்றை விளக்கை எரியவிட்டு, கருநீலப் பட்டுப் புடவை ஒன்றை நாற்காலியில் விரித்து, முக்காலியில் பொருத்திப் படமெடுத்தோம். (புடவைக்கு உரியவர் எம்மை ஐயத்துடனேயே கவனித்துக்கொண்டிருந்தார்.) ஐ.எஸ்.ஓ. 1600-இல் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது வேற்றுமை சொற்பமே. ஒரே அளவில் அச்சிட்டபோது புதியதில் மடிப்புகளின் நிழல் சற்று வழுவழுப்பாக இருந்தது. பழையதன் எல்லையான 3200-இல் நிழலில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் எழுந்தன. புதியது 6400-லும் தாங்கியது. அதன் கடைசி எண்ணான 25,600 பெயரளவுக்குத்தான்.

அன்பரிடமுள்ள ஜூம் லென்ஸோ எஃப் 4-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 திறப்புள்ள எளிய 50 மி.மீ. லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். நாம் கண்ட தலைமுறை வேற்றுமை இரண்டு மடங்குகூட இல்லை. ஒரு சங்கடம்: அவ்வளவு திறந்தால் கூர்மை விழும் ஆழம் குறுகிவிடும், முத்திரை தெளிந்தால் முகம் மங்கும். துள்ளி ஆடும் கட்டங்களுக்கு ஷட்டர் 1/250 நொடியாவது வேண்டும். அங்கே மட்டும் புதியதன் 6400 கைகொடுக்கும் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் பாட்டியின் கண்ணுக்குப் புள்ளிகள் தெரியப்போவதில்லை. கலங்கிய முகம் தெரியும். ஆகவே, "லென்ஸை முதலில் வாங்குங்கள், அபிநயத்தில் பெண் அசையாது நிற்கும் கணங்களுக்குக் காத்திருங்கள், விளக்குக்காரரிடம் முன்விளக்குகளைக் கூட்டச் சொல்லுங்கள்" என்றோம். வரும் ஞாயிறு ஒத்திகைக்கு அந்த லென்ஸுடன் போகிறார்.