பெங்களூரின் இரண்டு துக்கங்கள்

கன்னட நடிகர் ராஜ்குமார் மேடை ஏறினால் எதிரே இருக்கும் ஜனங்களை "அபிமானி தேவர்களே" என்று அழைப்பது வழக்கம். நடிகரைத் தெய்வமாக்கும் ரசிகர்கள் நம் தேசத்தில் எந்த ஊரிலும் உண்டு. ரசிகர்களைத் தெய்வமாக்கிய நடிகர் என்பதுதான் சற்றுப் புதுமை. வெறும் உபசார வார்த்தையென்று அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தாம் உண்ணும் சோறு இவர்கள் போட்டது என்று அவர் மெய்யாகவே நம்பினார் என்பதே கன்னட மக்களின் எண்ணம்.

அப்பேர்ப்பட்ட தேவர்கள் 2006-ம் வருஷம் ஏப்ரல் 12, 13 தேதிகளில் பெங்களூரில் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் மனம் துணுக்குறுகிறது.

ராஜ்குமார் நமக்கு முற்றிலும் அந்நியரல்ல. அவர் பிறந்த காஜனூர், தாளவாடி மலைப்பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறது. குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் பயின்று, 1954-ல் 'பேடர கண்ணப்பா' படத்தில் கதாநாயகராகி, இருநூறு படங்களுக்கு மேல் நடித்தார். 1982-ல் கோகாக் கிளர்ச்சியில் கன்னட மொழிக்காக ஊர் ஊராகச் சென்றார். 2000-ம் வருஷம் ஜூலையில் அதே காஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் அவரைக் காட்டுக்குக் கொண்டுபோனதும், நூற்றெட்டு நாள் இரு மாநில சர்க்கார்களும் தூக்கமின்றித் தவித்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். கன்னடம் பேசுகிறவர்களுக்கு அவர் சினிமாக்காரர் மட்டுமல்லர்; வீட்டுப் பெரியவர்.

அந்தப் பெரியவர் எழுபத்தாறாம் வயதில், ஒரு புதன்கிழமை பிற்பகல், தம் வீட்டில் மாரடைப்பால் காலமானார். செய்தி நொடியில் பரவியது. ஆனால் செய்தியோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய இன்னொரு விஷயம் வரவில்லை. உடலை எங்கே வைப்பார்கள், எப்போது பார்க்கலாம், எந்த வழியாகப் போகவேண்டும் என்று ஜனங்களுக்குத் தெளிவாகச் சொல்வாரில்லை. வீட்டு வாசலுக்கு ஓடினவர்கள் ஸ்டேடியத்துக்கு ஓடினார்கள். அங்கே கதவுகளையும் தடியையும் கண்டார்கள். போலீஸார் கூட்டத்தைக் கலகக் கூட்டமாகப் பார்த்தார்கள். கூட்டமோ, தங்கள் வீட்டுப் பிணத்தை யாரோ களவாடிப் போவதாக நினைத்தது. கல் பறந்தது, பஸ்கள் எரிந்தன, கண்ணீர்ப் புகை எழுந்தது. மறுநாள் கண்டீரவ ஸ்டூடியோவில் அடக்கம் செய்யும்வரை இந்தக் கோரம் ஓயவில்லை. துப்பாக்கிப் பிரயோகமும் நடந்தது. மொத்தம் எட்டு உயிர்கள் போயின. அவற்றுள் ஒன்று, கூட்டத்தின் கையில் அகப்பட்டு அடித்துக் கொல்லப்பட்ட ஒரு கான்ஸ்டேபிளின் உயிர்.

"ரௌடிகள் செய்த வேலை" என்றார்கள் பலர். ரௌடிகளும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அன்று உடைந்தவற்றில் புதுப்பணத்தின் கண்ணாடி மாளிகைகளும் இருந்ததைக் கவனிக்க வேண்டும். தங்கள் நகரமே தங்கள் கையைவிட்டு நழுவிப் போகிறதே என்று ஏற்கனவே புழுங்கிக் கிடந்தவர்கள், தங்களவர் என்று சொல்ல இருந்த ஒருவரும் போய்விட்டாரென்று கேட்டபோது, கல்லைக் கையில் எடுத்தார்கள். காரணத்தைச் சொல்கிறோம், நியாயம் என்று சொல்லவில்லை. அந்தக் கான்ஸ்டேபிளின் வீட்டிலும் ஒரு துக்கம் இருந்தது. அதற்கு எந்த ஸ்டேடியமும் திறக்கவில்லை. எரிந்த பஸ்கள் எத்தனை, மூடிய கம்பெனிகள் எத்தனை என்று கணக்குப் போட்ட பத்திரிகைகள், இறந்த எட்டுப் பேரை ஓர் எண்ணாக மட்டுமே எழுதிவிட்டு மேலே போய்விட்டன.

பதினைந்து வருஷம் கழித்து, 2021 அக்டோபர் 29-ந் தேதி வெள்ளிக்கிழமை, அவருடைய கடைசிப் புதல்வர் புனீத் ராஜ்குமார் நாற்பத்தாறே வயதில் இதயம் நின்று இறந்தார். குழந்தையாய் இருந்தபோதே நடித்து, 'பெட்டத ஹூவு' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர் அவர். தகப்பனாருக்காவது வயதாகியிருந்தது. இது இடி விழுந்தாற்போன்ற செய்தி. 2006-ஐப் பார்த்தவர்கள் எல்லோரும் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அவர்கள் பயந்தபடி நடக்கவில்லை. இம்முறை சர்க்கார் முந்திக்கொண்டது. கண்டீரவ ஸ்டேடியத்தில் எல்லோரும் தரிசிக்கலாம் என்று உடனே அறிவித்தார்கள். மதுக்கடைகளை மூடினார்கள். அமெரிக்காவிலிருந்து மகள் வந்து சேரும் மட்டும் அடக்கம் தள்ளிவைக்கப்பட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் இரவும் பகலும் வரிசையில் நின்று, பார்த்து, அழுது, வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தாய் தந்தையர் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். அழுவதற்கு ஓர் இடமும் நேரமும் கொடுத்தால் ஜனங்கள் அழுவார்கள், அவ்வளவுதான். முன்னே இந்தச் சின்ன விஷயம் ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்று!

கூட்டம் திருந்திற்று, செய்தி சொல்கிறவர்கள் திருந்தினார்களா? முன்பு சொல்ல ஆளில்லை. இப்போது சொல்ல ஆள் அதிகம். உடற்பயிற்சி செய்தது, டாக்டரிடம் போனது, காரில் ஏறியது என்று அந்தக் கடைசி மணி நேரத்தை டெலிவிஷன்காரர்கள் திரும்பத் திரும்ப அரைத்தார்கள். இந்த வியாதி பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. 2018-ல் துபாயில் ஸ்ரீதேவி இறந்தபோது, குளியல் தொட்டி ஒன்றின் பக்கத்தில் நின்று செய்தி சொன்ன புண்ணியவான்களையும் நாம் கண்டோம். அவசரம் சாமானியர்களை மட்டும் பிடிக்கிறதென்றும் சொல்வதற்கில்லை. 1979 மார்ச்சில், பம்பாய் ஆஸ்பத்திரியில் ஜெயப்பிரகாச நாராயணர் உயிரோடிருக்கும்போதே, பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் பார்லிமெண்டில் மரணச் செய்தி அறிவித்தார்; அங்கத்தினர்கள் அஞ்சலியும் செலுத்திவிட்டார்கள். ஜே.பி. அதன் பிறகு அக்டோபர் வரையில் ஜீவித்திருந்தார்.

அரைத்த மாவுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. டாக்டர்மேல் பழி விழுந்தது. புனீத்தை முதலில் பார்த்த குடும்ப வைத்தியரின் வீட்டுக்குப் போலீஸ் காவல் போடவேண்டி வந்தது. கல்லெறிய இடமில்லாத துக்கம் ஒரு மனிதரைத் தேடிற்று. தேட வழிகாட்டியது டெலிவிஷன். துக்கம் தாளாமல் உயிரை விட்ட ரசிகர்களும் சிலர் உண்டு. அதை விசுவாசத்தின் சிகரம்போல எழுதும் பத்திரிகை, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் வழி சொல்லிக் கொடுக்கிறது என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இத்தனைக்கும் நடுவே ஒரு செய்தி மட்டும் ஜனங்களை வேறு திசையில் ஓடவைத்தது.

ராஜ்குமார் 1994-ல் தம் பெயரால் ஏற்பட்ட கண் வங்கியைத் திறந்துவைத்தபோது, தம் குடும்பத்தார் அனைவருடைய கண்களையும் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். 2006-ல் அந்தக் கலவரத்துக்கு இடையிலும் அவருடைய கண்கள் எடுக்கப்பட்டன. 2017-ல் அவர் மனைவி பார்வதம்மாளின் கண்களும் அவ்வாறே போயின. இறந்த சுமார் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாகவேண்டும்; எனவே அழுதுகொண்டிருக்கும் வீட்டார்தான் டாக்டரைக் கூப்பிடவேண்டும். புனீத்தின் வீட்டாரும் கூப்பிட்டார்கள்.

நாராயண நேத்ராலய டாக்டர்கள் அவருடைய இரண்டு கண்களைக் கொண்டு நான்கு பேருக்குப் பார்வை கொடுத்தார்கள். கருவிழியின் மேலே கண்ணாடிபோல் மூடியிருக்கும் மெல்லிய பாகத்தை முன்படலம், பின்படலம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேற்பரப்பு கெட்டவர்களுக்கு முன்படலமும், உட்பரப்பு கெட்டவர்களுக்குப் பின்படலமும் பொருத்தினார்கள். பத்திரிகைகளும் இதை நன்றாகவே எழுதின. குறை சொன்ன வாயால் இதையும் சொல்லிவிடுகிறோம்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். கர்நாடகமெங்கும் ரசிகர்கள் கண்தானப் பத்திரத்தில் கையெழுத்திட வரிசையில் நின்றார்கள். எழுதிக் கொடுப்பது சுலபம், கொடுப்பது கஷ்டம். ஆனால் நிஜமாகவே இறந்தவர்களின் வீட்டாரும், "அப்பு கொடுத்தாரே, நாமும் கொடுப்போம்" என்ற எண்ணத்தோடு கண் வங்கிக்குச் சொல்லியனுப்பலானார்கள். முன்னே மாதக்கணக்கில் வந்து சேர்ந்த கண்கள், அந்த நவம்பரில் நாட்கணக்கில் வந்தன. தகப்பனார் தெய்வமென்று அழைத்த அதே ஜனங்கள்தான் இவர்கள். பஸ்ஸை எரித்தவர்களில் சிலர்கூட இந்த வரிசையில் நின்றிருக்கலாம்.