நாட்டுச் சுருட்டு

நாட்டுச் சுருட்டு என்பது உள்நாட்டில் விளையும் புகையிலையைக் கொண்டு கையால் சுருட்டிச் செய்யப்படும் விலை குறைந்த சுருட்டு ஆகும். தமிழ்நாட்டில் உறையூரும் திண்டுக்கல்லும் இதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். இலங்கையில் யாழ்ப்பாணம் இதன் முதன்மை மையமாக இருந்தது. கியூபா, டொமினிக்கக் குடியரசு போன்ற நாடுகளின் சுருட்டுகளை வாங்க இயலாதவர்களுக்கான தரம் குறைந்த மாற்று என்று இதைக் கருதுவது பொருந்தாது. இலை, அமைப்பு, சேமிக்கும் முறை ஆகிய மூன்றிலும் இது வேறொரு மரபைச் சேர்ந்தது. சுருட்டைப் பற்றிப் புதிதாக அறிய முனைவோருக்கு அதன் அமைப்பு, மலிவுக்கான காரணம், உடலுக்கு அது செய்யும் கேடு ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பெயர்

சுருட்டுதல் என்னும் வினையிலிருந்து வந்த தொழிற்பெயரே இப்பொருளுக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்னும் சொல் தமிழின் 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்தது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் அதன் மூலத்தைத் தமிழ் என்றே காட்டுகிறது. போர்த்துக்கீசியரின் 'சருட்டோ' என்பதும் இதே சொல்தான். புகையிலைச் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. செடி மேற்கிலிருந்து வந்தபோதிலும் அதைச் சுருட்டிப் புகைக்கும் பண்டத்தின் பெயர் இங்கிருந்து மேற்கே சென்றது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையைக் கடந்தால் பேசப்படும் தெலுங்கில் இது 'சுட்ட' எனப்படும். அதுவும் சுற்றுதல் என்னும் பொருளுடைய சொல்லே.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'டிரிச்சினாப்பொலி சுருட்டு' என்னும் பெயரில் உறையூர்ச் சுருட்டு பிரிட்டனில் பரவலாக விற்பனையானது. திண்டுக்கல் பகுதியில் விளைந்த புகையிலையே இதற்கு முதன்மையாகப் பயன்பட்டது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்பவை அப்பகுதியின் புகையிலை வகைகள். ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், கிடைத்த சாம்பலைக் கொண்டு அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகருக்கு அப்பெயர் எவ்வளவு பழக்கமானதாக இருந்தது என்பதற்கு இது சான்று. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. விடுதலைக்குப் பின், 1948இல், திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கான ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது.

யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தென்னிலங்கையே பெரிய சந்தை. சிங்களப் பகுதிகளின் ஊர்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய 'சுருட்டுக்கடை' ஒரு காலத்தில் பரவலாகக் காணப்பட்டது. அங்கே சுருட்டுடன் பிற பலசரக்குகளும் விற்கப்பட்டன.

சிகரெட்டும் பீடியும் பரவியபின் சுருட்டின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் முனீசுவரன், கருப்பசாமி, சுடலைமாடன் முதலிய காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் தொடர்கிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரின் முனீசுவரன் வழிபாட்டிலும் இது உண்டு. புகைப்பவர் ஒருவரும் இல்லாத வீட்டிலும் படையலுக்காக நாட்டுச் சுருட்டு வாங்கப்படுவது இதனால்தான்.

அமைப்பு

பொதுவாகச் சுருட்டு மூன்று அடுக்குகளைக் கொண்டது. நடுவில் இருப்பது உள்ளிலை. அதை உருளையாகப் பிடித்து வைப்பது கட்டிலை. வெளியே தெரிவது மேலிலை. காரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது உள்ளிலையே. மேலிலை கறுத்திருந்தால் காரம் மிகுதி என்பது புதியவர்களிடம் காணப்படும் பொதுவான தவறான எண்ணம்.

விலை உயர்ந்த சுருட்டில் உள்ளிலை முழு நீள இலைகளாக மடித்து வைக்கப்படும். மலிவானவற்றில் பெரும்பாலும் இலைத் துண்டுகளும் நறுக்கும் நிரப்பப்படும். துண்டு இலை விரைவாகவும் சூடாகவும் எரியும். சாம்பல் நிற்காமல் உதிரும். உயர்விலைச் சுருட்டின் ஒரு முனை இலையால் மூடப்பட்டிருக்கும். வெட்டிய பின்னரே பற்றவைக்க முடியும். நாட்டுச் சுருட்டின் இரு முனைகளும் வெட்டித் திறந்தே இருக்கும். எனவே அதற்கு வெட்டும் கருவி வேண்டியதில்லை.

சேமிப்பிலும் வேறுபாடு உண்டு. கரீபியன் வகைகளை ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைக்க வேண்டும். காய்ந்தால் மேலிலை வெடித்துவிடும். நாட்டுச் சுருட்டு உலர் வகையைச் சேர்ந்தது. இத்தாலியின் தோஸ்கானோ, நெதர்லாந்தின் சிறு சுருட்டுகள் ஆகியவையும் அவ்வகையே. காய்ந்த நிலையிலேயே இவை விற்கப்படுகின்றன. மழைக்காலத்தில் இவற்றில் பூஞ்சணம் பிடிக்கலாம். மேலிலையில் குண்டூசி முனையளவு துளையும் அருகே தூளும் இருந்தால் அது புகையிலை வண்டின் வேலை. ஒன்றில் வண்டு இருந்தால் கட்டு முழுவதும் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி.

மலிவுக்கான காரணம்

சுருட்டின் விலையை இலை, பதப்படுத்தும் காலம், வரி, கூலி ஆகியவை தீர்மானிக்கின்றன. உயர்விலைச் சுருட்டின் மேலிலை பெரும்பாலும் தனிக் கவனத்துடன், சில இடங்களில் நிழல்துணியின் கீழ், வளர்க்கப்படுகிறது. பறித்த இலை கொட்டகையில் காற்றில் உலர்த்தப்பட்டு, குவியலாக அடுக்கிப் புளிக்கவைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கப்படுகிறது. இந்தியாவுக்கு வரும்போது அதன்மேல் சுங்க வரியும் சேர்கிறது. நாட்டுச் சுருட்டில் இந்தக் காத்திருப்பும் சுங்கமும் இல்லை.

நான்காவதான கூலியில்தான் முக்கியமான வேறுபாடு இருக்கிறது. மேலைநாடுகளில் மலிவான சுருட்டு என்றால் இயந்திரத்தில் செய்தது. கையால் செய்தது விலை கூடியது. அதனால் 'கையால் சுருட்டப்பட்டது' என்னும் சொல் அங்கே உயர்தரத்தின் அடையாளம். நாட்டுச் சுருட்டும் கையால் சுருட்டப்பட்டதே. ஆனால் அது மலிவு. கைவேலை இங்கே விலையை ஏற்றுவதில்லை. கைவேலைக்குக் கொடுக்கப்படும் கூலி அவ்வளவு குறைவு. ஆகவே வெளிநாட்டு வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு, கையால் செய்தது என்பதை மட்டும் வைத்து நாட்டுச் சுருட்டின் தரத்தையோ விலையையோ மதிப்பிட முடியாது.

சுருட்டுவோர்

சுருட்டுத் தொழிலில் கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கில் தரப்படுகிறது. சீராக இல்லாதவை என்று கழிக்கப்படும் சுருட்டுகளால் வரும் இழப்பு சுருட்டுபவரையே சேர்வது இத்தொழிலின் நெடுநாளைய சிக்கல். இதனைக் கருத்தில் கொண்டு பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பை அது விதித்தது. சிறுவர்களை வேலைக்கு வைப்பதையும், மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களுக்கு வேலை தருவதையும் தடுத்தது. வீட்டிலிருந்தே சுருட்டித் தருபவரையும் தொழிலாளராக ஏற்றது. பின்னர் 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

புகைக்காதவராக இருந்தாலும் சுருட்டுபவர் நாள் முழுவதும் புகையிலைத் தூளின் நடுவே அமர்ந்திருக்கிறார். ஈரமான இலையைத் தொடும்போது நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடும். வயலில் பச்சை இலை பறிப்போருக்கு இதனால் குமட்டலும் தலைச்சுற்றலும் ஏற்படுவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட நோய்.

உடல்நலம்

'சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை. ஆகவே கேடு இல்லை' என்பது இத்துறையில் மிகப் பரவலான தவறு. சிகரெட்டின் புகை அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள நிகோட்டின் நுரையீரலை அடைந்தால்தான் நன்கு உறிஞ்சப்படும். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆதலால் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே குருதியில் கலந்துவிடுகிறது. இழுக்காதவருக்கும் பழக்க அடிமைத்தனம் வருவது இதனாலேயே. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல் புற்றுநோய்கள் சுருட்டுப் புகைப்பவர்களிடம் மிகுதி. உள்ளே இழுப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய், இதயநோய் இடர்களும் கூடுகின்றன.

ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவான புகையிலையே இருக்கும். பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். 'நாளுக்கு ஒன்றுதான்' என்று சுருட்டையும் சிகரெட்டையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவது அதனால் பொருளற்றது. புகைத்துப் பழக்கமில்லாதவருக்கு ஒரே சுருட்டில் வியர்வை, கிறுகிறுப்பு, குமட்டல், நெஞ்சுப் படபடப்பு உண்டாகலாம். இதைப் பழகினால் சரியாகிவிடும் தொடக்கநிலைத் தொல்லை என்று கருதக்கூடாது; இவை நிகோட்டின் நஞ்சேற்றத்தின் அறிகுறிகள்.

கடலோர ஆந்திரத்தின் சில பகுதிகளில், குறிப்பாகப் பெண்களிடையே, எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டாவைப் புகைக்கும் வழக்கம் உள்ளது. மிகவும் அரிதாகக் காணப்படும் மேலண்ணப் புற்றுநோய் அப்பகுதிகளில் மிகுதியாக இருப்பதை ஆய்வாளர்கள் இவ்வழக்கத்துடன் தொடர்புபடுத்தியுள்ளனர்.

சட்டம்

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமன்றிச் சுருட்டுக்கும் பொருந்தும். 18 வயது நிறையாதவருக்கு விற்பதும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம். விளம்பரம் செய்யத் தடை உண்டு. பொட்டலத்தின்மீது படத்துடன் கூடிய எச்சரிக்கை இருக்க வேண்டும். பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. பணியிடங்களும் இத்தடைக்குள் அடங்கும். எனவே கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளின் ஆலைக் கூடங்களிலும் அலுவலகங்களிலும் சுருட்டுக்கும் இடமில்லை.

படையலுக்கு வாங்குவதாலோ, கைத்தொழிலின் மீதுள்ள ஆர்வத்தாலோ சுருட்டின் வரலாற்றையும் செய்முறையையும் அறிவதற்கு அதைப் புகைத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. புகைக்கும் பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்னும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.