கோட் கிட்ஹப்ல இருக்கு, டேட்டா எங்கே?

ப்ராஜெக்ட் கோடோட சேர்த்து 300 எம்பி டேட்டா ஃபைலையும் கிட்ஹப்புக்குப் புஷ் பண்ணிப் பாருங்க. ஏத்துக்காது. சாதாரண புஷ்ல ஒரு ஃபைல் 100 எம்பியைத் தாண்டினா தடுத்துடும்.

90 எம்பின்னா தப்பிச்சுடலாமா? கிட் பழைய வெர்ஷன் எல்லாத்தையும் வச்சிருக்கும். அடுத்த கமிட்டில் ஃபைலை நீக்கினாலும் ஹிஸ்டரியில் அது இருக்கும். முழுசா க்ளோன் பண்ற ஒவ்வொருத்தரும் அதையும் இறக்கியாகணும்.

காலேஜ் மெயில் ஐடியோட டிரைவ்ல போட்டா, நாம பாஸ் அவுட் ஆனதும் ஐடியோட லிங்க்கும் போயிடலாம். ஜூனியர் கையில் கோட் இருக்கும், டேட்டா இருக்காது. அப்புறம் நம்ம ரிசல்ட் சரியான்னு யார் ஓட்டிப் பார்க்க முடியும்?

சைக்கிட்-இமேஜ், சைபை மாதிரி பேக்கேஜ்கள் பெரிய மாதிரி டேட்டாவைத் தனியா வச்சிருக்கு. இறக்கித் தர்றது 'பூச்' என்ற பைத்தான் லைப்ரரி. கேட்கும்போது மட்டும் ஃபைலை இறக்கும். ஷா-256 ஹேஷ் பொருந்துதான்னு பார்க்கும். உங்க கம்ப்யூட்டர்லயே சேமிச்சு வைக்கும். அடுத்த தடவை நெட் தேவையில்லை.

நாமும் இதையே செய்யலாம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோவில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசமா ஏத்தலாம். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். அந்த டிஓஐயையும் ஹேஷையும் கோடில் எழுதிட்டா, மீதியைப் பூச் பார்த்துக்கும்.

ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு: டேட்டா வேற யாரோடதுன்னா, பகிர அனுமதி இருக்கான்னு லைசென்ஸைப் படிச்சிடுங்க.