பாளையம் முதல் மண்டபம் வரை: அடைக்கலம் தேடி வந்தவர்களுக்காகச் சமயங்கள் கேட்ட சட்டம்

அடைக்கலம் தேடி எல்லை கடந்து வந்தவரைச் சட்டம் எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்வி, இந்தியாவில் பல ஆண்டுகள் நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியதாகவே இருந்தது. 2019 டிசம்பரில் அது பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் பேசப்படும் கேள்வியாக ஆனது. அந்த மாற்றம் கண்கூடாகத் தெரிந்த நகரங்களில் ஒன்று திருவனந்தபுரம்.

தொடக்கம் ஒரு சட்டத் திருத்தம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் நிறைவேறி, மறுநாளே குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ சமயத்தாரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து அது விடுவித்தது. குடியுரிமை கேட்க 11 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவர்களுக்கு 5 ஆண்டாகக் குறைந்தது. இஸ்லாத்தை அரசு சமயமாகக் கொண்ட நாடுகளில் சிறுபான்மையாக வாழ்ந்து துன்பப்பட்டவர்களுக்கு வழிவிடுவதே நோக்கம் என்றது மத்திய அரசு.

எதிர்த்தவர்களில் பலர் வழிவிடுவதைக் குறை சொல்லவில்லை. யாருக்கு வழிவிடுவது என்று முடிவு செய்யச் சமயத்தையும் நாட்டையும் அளவுகோலாக எடுத்ததில்தான் எதிர்ப்பு பிறந்தது.

[திரையில்: திருவனந்தபுரம் பாளையம் சந்திப்பு]

திருவனந்தபுரத்தின் நடுவில் இருக்கிறது பாளையம். ஜும்மா பள்ளிவாசலும் கணபதி கோவிலும் அங்கே அருகருகே நிற்கின்றன. சாலைக்கு எதிர்ப்புறம் லத்தீன் கத்தோலிக்கரின் புனித யோசேப்பு பேராலயம். சற்றுத் தள்ளி ரக்தசாட்சி மண்டபம் என்று ஊரார் அழைக்கும் தியாகிகள் நினைவுச் சின்னம். 2019 டிசம்பர் 16 அன்று, தேர்தலில் எப்போதும் எதிரெதிராக நிற்கும் இடது, ஐக்கிய ஜனநாயக முன்னணிகள் இரண்டும் அந்த மண்டபத்தில் ஒன்றாக அமர்ந்து சத்தியாகிரகம் செய்தன. முதலமைச்சரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே மேடையில் இருந்தார்கள்.

அடுத்த மாதம், 2020 ஜனவரி 26, குடியரசு நாள். ஞாயிற்றுக்கிழமையும் கூட. கேரளத்தின் லத்தீன் தேவாலயங்களில் அன்று ஓர் 'இடயலேகனம்' வாசிக்கப்பட்டது. ஆயர்கள் மக்களுக்கு எழுதும் சுற்றுமடலை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். புதிய சட்டம் அரசமைப்பின் மதச்சார்பின்மைக்கு எதிரானது என்றது அந்த மடல்.

இதில் ஒரு செய்தியை நின்று கவனிக்க வேண்டும். சட்டம் சலுகை தந்த ஆறு சமயங்களில் கிறிஸ்தவமும் ஒன்று. பட்டியலில் இடம் பெற்றவர்கள், பட்டியலில் விடுபட்டவர்களுக்காகப் பேசினார்கள். தன் பங்கைக் கேட்டு வாங்கும் முறையீடு எங்கும் உண்டு. பிறருக்காக இப்படிப் பேசுவது அரிது. கேரளத்துத் திருச்சபைகள் எல்லாம் ஒரே அழுத்தத்தோடு பேசவில்லை என்பது உண்மை. ஆயினும் 2019 டிசம்பர் கடைசியில் கோதமங்கலத்தில் இச்சட்டத்துக்கு எதிராக ஊர்வலம் வந்த முஸ்லிம் இளைஞர்கள் தொழுவதற்கு மார்த்தோமா சிறிய பள்ளி என்ற தேவாலயத்தின் வளாகம் திறந்துவிடப்பட்டது.

லத்தீன் திருச்சபை இந்த நிலையை எடுத்ததற்கு வேதம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடலும் ஒரு காரணம். திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் பங்குகளில் பெரும்பகுதி மீனவ ஊர்கள். விழிஞ்சம், பூந்துறை, பொழியூர் எனத் தெற்கே நீண்டு, தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை வரை அது செல்கிறது. அப்போது பேராயராக இருந்த சூசை பாக்கியமே மார்த்தாண்டன்துறைக்காரர். இந்தக் கரை ஆண்கள் வளைகுடா நாடுகளின் படகுகளில் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள். 2020 தொடக்கத்தில் கொரோனா பரவியபோது கேரள, தமிழக மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஈரானில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் 687 பேரை ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது.

கேரளம் முழுவதற்குமே இந்த அனுபவம் பழகியது. 2023ஆம் ஆண்டுக் கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி ஏறக்குறைய 22 லட்சம் கேரளத்தவர் வெளிநாட்டில் வாழ்கிறார்கள். ஓர் ஆண்டில் அவர்கள் அனுப்பிய பணம் 2 லட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆய்வின் தாயகமே திருவனந்தபுரம்தான். இக்காமா எனும் வளைகுடாக் குடியிருப்பு அனுமதி காலாவதியான பிறகும் ஊர் திரும்ப முடியாமல் ஒளிந்து வாழ்வது என்றால் என்ன என்று அந்த நகரத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2018-இலும் 2024-இலும் செய்ததைப் போல ஒரு வளைகுடா அரசு 'பொதுமாப்பு' அறிவித்தால், மலையாள நாளிதழ்களின் முதல் பக்கச் செய்தி அது. தமிழில் பொதுமன்னிப்பு. அயல்நாட்டிடம் அதைக் கேட்டு வாழும் சமூகம், தன் நாட்டுக்கு வந்தவருக்கு அதை மறுப்பதில் உள்ள முரணை எளிதாக உணர்ந்தது.

அரசியல் தளத்தில் நடந்தவை பலருக்குத் தெரிந்தவை. 2019 டிசம்பர் 31 அன்று கேரளச் சட்டமன்றம் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2020 ஜனவரியில் அரசமைப்பின் 131ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த முதல் மாநிலமும் கேரளம்தான். அதற்கு முன்பே இந்திய யூனியன் முஸ்லிம் லீக் வழக்குப் போட்டிருந்தது. இறுதித் தீர்ப்பு வரும் முன்பே, 2024 மார்ச் 11 அன்று மத்திய அரசு விதிகளை வெளியிட்டுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

[திரையில்: காசர்கோடு – களியக்காவிளை வரைபடம்]

இடயலேகனம் வாசிக்கப்பட்ட அதே குடியரசு நாளில், இடது முன்னணி அமைத்த மனிதச் சங்கிலி வடக்கே காசர்கோட்டில் தொடங்கித் தெற்கே களியக்காவிளையில் முடிந்தது. களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாடு. இந்தச் சட்டம் யாரைக் காணாமல் கடந்து போனது என்பதைப் புரிந்துகொள்ள, கதையும் அந்த எல்லையைத் தாண்ட வேண்டும்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு படகுகள் ராமேஸ்வரம் கரைக்கு வரத் தொடங்கின. போர் மூண்ட ஒவ்வொரு முறையும் அவை மீண்டும் வந்தன. 2012 வரை வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள். சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மண்டபம், திருச்சி கொட்டப்பட்டு, கும்மிடிப்பூண்டி, பவானிசாகர் என நூறு முகாம்களுக்கு மேல் இன்னும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே வசிக்கும் 'வெளிப்பதிவு' குடும்பங்கள் தனி.

இவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அடுத்து கிறிஸ்தவர்கள். 2019 சட்டத்தின் ஆறு சமயங்களுக்குள் அடங்குகிறவர்கள்தான். ஆனால் இலங்கை அந்த மூன்று நாடுகளில் இல்லை. ஆகவே சமய அளவுகோலில் தேறியவர்கள் நாட்டு அளவுகோலில் தவறினார்கள். இதைச் சுட்டிக்காட்டியவர்களில் வாழும் கலை அமைப்பின் ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கரும் ஒருவர். முப்பத்தைந்து ஆண்டுகளாக இங்கே இருக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழருக்கும் குடியுரிமை தருவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 டிசம்பரிலேயே அவர் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டார்.

சிக்கலின் வேர் 2019-க்கும் முந்தியது. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2003ஆம் ஆண்டுத் திருத்தமோ, உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்த எவரையும் சட்டவிரோதக் குடியேறி என்று வரையறுத்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை அடைத்தது. குண்டு விழும் ஊரிலிருந்து இரவோடு இரவாகப் படகேறியவரிடம் விசா எப்படி இருக்கும்? அவரைக் கரையில் இறக்கிப் பெயர் பதிந்தது அரசு. முகாமில் இடம், மாத உதவித்தொகை, ரேஷன் அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் கொடுத்ததும் அரசுதான். அதே மனிதர் சட்டப் புத்தகத்தில் மட்டும் திருட்டுத்தனமாக நுழைந்தவராகவே இருக்கிறார். இது நியாயமான நிலை ஆகாது.

அடுத்த தலைமுறையின் நிலை இன்னும் கடினம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பொதுவாகப் பிறப்பால் இந்தியர். அந்த நாள் முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. விளைவு என்ன? ஒரே முகாமில், ஒரே தாய்க்குப் பிறந்த அக்காள் இந்தியராகவும் தம்பி அயலாராகவும் இருக்கலாம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டபோது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பிறந்த தேதியை வைத்து அவர் இந்தியரே என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்றது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார்.

முகாம்வாசிகளில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி வந்தவர்களில் சிலருக்கு வேலை கொடுக்கவே, திருவனந்தபுரத்தின் அண்டை மாவட்டமான கொல்லத்தில், புனலூரை மையமாகக் கொண்டு மறுவாழ்வு ரப்பர் தோட்டங்கள் உருவாயின. இலங்கையிலோ, கண்டியில் இயேசு சபைத் துறவி பால் கஸ்பர்ஸ் 1972-இல் நிறுவிய சத்யோதய அமைப்பு, மலையகத் தமிழரின் உரிமைக்காகச் சிங்களரையும் தமிழரையும் ஒன்றாக உட்காரவைத்தது. ஒப்பந்தத்தின் பயன் கிட்டாமலே கலவரத்தில் அகதியாக ஓடிவந்த மலையகத்தார் தொடுத்த வழக்கில், மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஜூன் 17 அன்று தீர்ப்பளித்தார். அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளோடு சேர்த்துப் பார்க்காமல், குடியுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார்.

முகாம்களில் சமயத் தொண்டு பெரும்பாலும் சத்தமில்லாத வேலை. இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பு, அச்சபையின் தலைவராக இருந்த பெத்ரோ அருப்பே 1980-இல் தொடங்கியது. 1990 முதல் தமிழ்நாட்டு முகாம்களில் மாலை வகுப்புகளும் கல்லூரி உதவியும் தருகிறது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ். சி. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், சமய அமைப்பாக இல்லாவிட்டாலும், இந்தப் பணியில் நெடுங்காலத் துணை. இவற்றின் அனுபவத்திலிருந்து கோரிக்கைகள் தெளிவாகின்றன: திரும்பிப் போக விரும்புவோர் அபராதமும் அலைச்சலும் இல்லாமல் போக வேண்டும். இங்கேயே இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமைக்கு வழி வேண்டும். இங்கே பிறந்த பிள்ளையின் மேல் பெற்றோரின் படகுப் பயணத்தைக் குற்றமாக ஏற்றக் கூடாது.

இத்தகைய கோரிக்கைகள் சட்டத்தை மாற்றிய முன்னுதாரணம் உலகில் உண்டு. நெதர்லாந்தில் வழிபாடு நடக்கும்போது காவலர் தேவாலயத்துக்குள் நுழைவதில்லை. தி ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயம், நாடுகடத்தப்பட இருந்த ஓர் ஆர்மீனியக் குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு, 2018 அக்டோபர் 26 முதல் 96 நாள் இரவு பகலாக வழிபாட்டை நிறுத்தாமல் நடத்தியது. நூற்றுக்கணக்கான போதகர்கள் முறைபோட்டு வந்தார்கள். 2019 ஜனவரி இறுதியில், அந்நாட்டில் வளர்ந்த அகதிக் குழந்தைகளின் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை மீண்டும் பார்க்க ஆளும் கூட்டணி இசைந்தது. கனடாவில் மென்னோனைட் கிறிஸ்தவர்களின் மத்தியக் குழு 1979-இல் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தம், பொதுமக்களே அகதிகளைப் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் முறைக்கு அடித்தளமானது.

இந்தியாவில் 2025 இரு வேறு திசைகளைக் காட்டியது. உலகெங்கிலும் இருந்து வருவோரைத் தங்கவைக்க இந்தியா சத்திரம் இல்லை என்ற பொருளில், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு மே மாதம் கருத்துச் சொன்னது. செப்டம்பர் 1 அன்று 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாகக் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. சிறைக்கு அஞ்சாமல் உறங்கலாம் என்ற அளவில் அது பெரிய ஆறுதல். மனமார வரவேற்க வேண்டிய ஆணை.

குடியுரிமையை அந்த ஆணை தரவில்லை. பெற்றோர் இருவரும் இலங்கையராக இருந்து, 1987 ஜூலை 1-க்குப் பிறகு மண்டபத்திலோ கொட்டப்பட்டிலோ பிறந்தவர் எவரும், தமிழ்நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதித்தே இராவிட்டாலும், பிறப்பால் இந்தியர் இல்லை.